சயாம் பெட்டி பத்துமலைக்குப் போன கதை

போக்குவரத்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிமார்களே, போன வாரம் உங்கள் மேசைப் பக்கம் வந்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஆபீசுக்கு வந்து ஓசிக் காப்பி குடிக்கும் கிழவன் என்று நீங்கள் கண்ணாலேயே பேசிக்கொண்டது எனக்குத் தெரியும். காப்பி நன்றாகத்தான் இருந்தது. அப்போது உங்களில் ஒருவர் சயாம் எல்லையைத் தாண்டி ஓடும் வண்டியின் நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டே ஒரு கொட்டாவி விட்டார். சாதாரணக் கொட்டாவி இல்லை. உள்நாக்கு தெரியும் கொட்டாவி.

எனக்குக் கோபம் வரவில்லை. கண்ணில் நீர் வராத குறைதான். ஏனென்றால் அந்த வண்டி இன்று கொட்டாவி வரும்படி ஓடுவதற்குப் பாடுபட்டவர்களில் நானும் ஒருவன். பாடுபட்டேன் என்பதைவிடப் பாடாய்ப் படுத்தினேன் என்பது பொருத்தம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வடக்கே நம் மலாயாத் தண்டவாளமும் சயாமின் தண்டவாளமும் ஒன்றாகச் சேர்ந்துவிட்ட சமயம் அது. இரண்டு பாதைக்கும் அகலம் ஒன்றே. தண்டவாளம் சேர்ந்ததே தவிர வண்டிகள் சேரவில்லை. நம் வண்டி எல்லைவரை போய் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும். அங்கே அத்தனை பேரும் பெட்டி படுக்கை, கூடை, குழந்தையோடு இறங்கி, நடைமேடையைக் கடந்து சயாம் வண்டியில் ஏற வேண்டும். சரக்குக்கும் அதே கதிதான். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாம் பொங்கித் தின்றது பெரும்பாலும் சயாம் அரிசி. மூட்டை மூட்டையாக அதை அந்த வண்டியிலிருந்து இறக்கி, தலையில் சுமந்து, இந்த வண்டியில் ஏற்றுவார்கள். மழை பெய்தால் அரிசியும் நனையும். என் மனைவி சோற்றை மோந்து பார்த்துவிட்டு, "இது அரிசியா, உங்க ஆபீஸ் சாக்கா?" என்று கேட்பாள். ரயில்வேயில் வேலை பார்ப்பதால் மழைக்கும் நானே பொறுப்பு.

அவர்கள் பெட்டி நம் பாதையிலும், நம் பெட்டி அவர்கள் பாதையிலும் நேரே ஓடினால் இந்தத் தொல்லை தீரும். இரண்டு பக்கமும் அதற்குச் சம்மதம். எங்கள் மேலதிகாரி, ஊருக்குப் புதிதாக வந்த இளம் வெள்ளைக்காரர், இந்தத் திட்டத்தின் மேல் உயிரையே வைத்திருந்தார். நாங்கள் அவரைச் சின்னத் துரை என்போம். மறித்து நின்றவர் ஒரே ஒருவர். செந்தூல் பட்டறையில் பெட்டிகளுக்கெல்லாம் பொறுப்பான கேரேஜ் துரை. கெட்டவர் இல்லை. எங்கேயோ ஒரு திருகாணி தளர்ந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். சயாம் பெட்டியின் கொக்கியும் பிரேக்கும் நம் எஞ்சினோடு எப்படி ஒத்துப்போகும், பெட்டி நிறைய ஆள் இருக்கும்போது திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்பது அவருடைய கேள்வி.

முடிவில் இப்படி ஒப்பந்தமாயிற்று. சயாமிலிருந்து ஒரு மூத்த எஞ்சினியர் மூன்று பெட்டிகளோடு கோலாலம்பூருக்கு வருவார். பெட்டிகளில் மணல் மூட்டைகளை அடுக்கி முழுப் பாரம் ஏற்றிக் கிள்ளான் துறைமுகம்வரை ஓட்டிக் காட்ட வேண்டும். வழியில் சட்டென்று நிறுத்தியும் காட்ட வேண்டும். கேரேஜ் துரைக்குத் திருப்தி என்றால் கையெழுத்துப் போடுவார். இல்லையென்றால் எல்லையிலேயே மூட்டை மாற்றுவதற்கு இரு நாடும் சேர்ந்து ஒரு பெரிய கொட்டகை கட்டும். சயாம்காரர் மறுநாளே சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏற வேண்டியவர். ஆகவே ஒரே நாள், ஒரே ஓட்டம்.

கொட்டகை என்றால் அலட்சியமாக நினைக்காதீர்கள். சர்க்கார் ஒரு கொட்டகையைக் கட்டிவிட்டால் பிறகு அதற்கு ஒரு காவல்காரர், அவருக்கு ஒரு மேலாளர், அந்த மேலாளருக்கு ஒரு நாற்காலி என்று வளர்ந்துவிடும். அப்புறம் யார் அதை இடிப்பது? கொட்டகை எழும்பினால் இந்தத் தலைமுறைக்கு நேர் வண்டி இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

தேதி குறிக்க வேண்டிய நாளில் சின்னத் துரை என்னைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் தேவதாசன், சீனப் புத்தாண்டைத் தவிர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமையையும் தவிர்த்தாயிற்று. சயாம் பக்கத்து விசேஷங்களை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். அந்த வாரம் உங்கள் தமிழர்களுக்கு ஏதாவது பண்டிகை உண்டா?"

நான் மெத்தடிஸ்ட் சபைக் குடும்பம். கண்ணை மூடி யோசித்தேன். கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. ஈஸ்டருக்கு இன்னும் நாள் இருக்கிறது.

"ஒன்றுமே இல்லை, சார்" என்றேன். மலாயாவிலுள்ள அத்தனை தமிழர்களின் சார்பிலும் சொன்னேன்.

இதில் இன்னொரு கூத்து. அந்தத் தேதி நெருங்க நெருங்க, என்ன விசேஷம் என்று ஊரே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் யாரும் மீன் வாங்கவில்லை. எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தால் பக்கத்து வீட்டில் ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. "உன் சமையல் அந்த லட்சணத்தில் இருக்கிறது" என்று மனைவியைக் கிண்டல் செய்தேன். எதிர்வீட்டுக்காரர் தாடி வளர்த்தார். கடன்தொல்லை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்து ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசிவிட்டும் வந்தேன்.

சயாம் பெட்டிகள் மூன்றும் வந்து சேர்ந்தன. தேக்கு மரத்தில் இழைத்து, எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளைகள் மாதிரி பளபளவென்று நின்றன. எஞ்சினியர் ரயில் நிலைய ஓட்டலில் தங்கினார். மறுநாள் ஓட்டம். கடைசி ஏற்பாட்டைப் பார்க்கக் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு செந்தூல் எஞ்சின் கொட்டடிக்குப் போனேன். டிரைவர் மாரிமுத்து அண்ணன் ஒரு எஞ்சினின் பக்கத்தில் நின்றிருந்தார். அவரைத் தெரியாதவர் பாதையில் இல்லை. எஞ்சினின் மூச்சைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்பவர்.

"அண்ணே, நாளைக்குக் கிள்ளான் ஓட்டத்துக்கு எஞ்சின் ரெடியா? மணல் மூட்டை ஏத்துற ஆளுங்க எல்லாம் எங்கே?"

கொட்டடியில் சுத்தியல் சத்தம் நின்றது. மாரிமுத்து அண்ணன் என்னைத் தலை முதல் கால்வரை பார்த்தார்.

"தம்பி எந்த ஊரிலேர்ந்து வர்றீங்க?"

"பிரிக்ஃபீல்ட்ஸ்லேர்ந்துதான் அண்ணே."

"நாளைக்கு என்னா நாளு?"

"வியாழக்கிழமை."

"டேய், வியாழக்கிழமையாம்டா!" என்று பின்பக்கம் திரும்பிக் கத்தினார். கொட்டடியே சிரித்தது. கரியள்ளிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அப்போதுதான் கவனித்தேன். அண்ணனின் காக்கிச் சட்டைக்கு உள்ளே மஞ்சள் துணி, கழுத்தில் துளசி மாலை.

"தைப்பூசம் தம்பி! மணல் மூட்டை தூக்குற ஆளுங்க அத்தனை பேரும் நாளைக்குக் காவடி தூக்குறாங்க. எஞ்சினெல்லாம் பத்துமலை ஓட்டத்துக்குப் போட்டாச்சு. வருஷா வருஷம் நாங்களே பேசி முடிச்சிக்கிறதுதானே. நானே விடிஞ்சதிலேர்ந்து பொழுது சாயிற வரைக்கும் ஓட்டிட்டு, அப்புறந்தான் மலையேறப் போறேன். உங்க துரைகிட்ட போய் வெள்ளிக்கிழமை வச்சிக்கச் சொல்லுங்க."

"வெள்ளிக்கிழமை சயாம்காரர் போயிடுவாரே, அண்ணே."

"அப்ப அவர் கையில ஒரு காவடியக் குடுங்க. போலே லா, முடியும், நல்லாத் தூக்குவாரு!"

மறுபடியும் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது. தூக்குமேடையில் நிற்பவனுக்கு அக்குளில் கிச்சுகிச்சு மூட்டினால் வருகிற சிரிப்பு. சிரித்துக்கொண்டே சைக்கிளைத் திருப்பினேன். பின்னாலிருந்து அண்ணனின் குரல் வந்தது.

"நீங்க வேற, தம்பி! இங்க பெட்டி பத்தலைன்னு சரக்கு வேகன்ல பலகையப் போட்டு சனத்த ஏத்திக்கிட்டிருக்கோம். இன்னும் மூணு பெட்டி இருந்தா முருகன் குடுத்ததுன்னு கும்பிட்டு மாட்டிக்குவேன்!"

தம்பிமார்களே, நெருக்கடியில் முதலில் தோன்றுகிற யோசனையை நம்பாதீர்கள். எனக்கு முதலில் தோன்றியது காய்ச்சல் வருவது. இரண்டாவதாகத் தோன்றியது சயாம்காரருக்குக் காய்ச்சல் வரவைப்பது. திரும்பும் வழியில், பத்து ரோடு என்ற தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் அண்ணனின் கடைசி வார்த்தை காதில் விழுந்தது. இன்னும் மூணு பெட்டி. அவரிடம் எஞ்சின் இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், மணலைவிடக் கனமான பாரம் தானாகவே நடந்து வந்து ஏறக் காத்திருக்கிறது, பெட்டி இல்லை. எங்களிடம் பெட்டி மட்டும்தான் இருக்கிறது.

ஆபீசுக்கு வந்து மூச்சு விடாமல் ஒப்பித்தேன். சின்னத் துரையின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. தைப்பூசத்தை மறந்ததற்காக என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

"மணல் மூட்டை வைத்து ஏன் சோதிக்கிறோம், மிஸ்டர் தேவதாசன்? கொக்கி அறுந்தால் சிதறப்போவது மணல். நீங்கள் ஏற்றச் சொல்வது பெண்களையும் குழந்தைகளையும்" என்று நிதானமாகச் சொன்னார்.

அரைவேக்காட்டை இலையில் பரிமாறியிருக்கிறேன். கொட்டகை வந்துவிடக் கூடாதே என்ற அவசரத்தில், நம்மை நம்பி ஏறுகிற சனத்தை மறந்திருந்தேன். "அந்தப் பெட்டியில் நானும் ஏறுகிறேன், சார்" என்றேன்.

"நீங்கள் ஏறினால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா?"

அதுவும் நியாயமான கேள்வி.

இருவரும் ஓட்டலுக்குப் போனோம். கேரேஜ் துரையையும் வரவழைத்தோம். சயாம் எஞ்சினியர் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். நரைத்த தலை, வெள்ளைக் கோட்டு, இடுப்பில் நீலப் பட்டுத் துணியை நம் பஞ்சகச்சம் போலவே தாறுபாய்ச்சிக் கட்டியிருந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு இங்கிலீஷில் மூன்றே கேள்வி கேட்டார்.

"அந்தப் பாதையில் வளைவு இருக்கிறதா?"

"இருக்கிறது."

"பாலம்?"

"இருக்கிறது."

"கூட்டம் உண்மையிலேயே பெரியதா?"

அந்தக் கேள்விக்குக் கேரேஜ் துரைதான் பதில் சொன்னார். "ஒவ்வொரு வருடமும் என் பெட்டிகளுக்கு என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்றார். தன் வீட்டில் வெள்ளம் புகுந்ததைச் சொல்கிறவர் குரல்.

"அப்படியென்றால் படிப்படியாகப் போவோம்" என்றார் சயாம்காரர். "விடிந்ததும் காலிப் பெட்டிகளை ஓட்டி நிறுத்துவோம். ஒன்றுக்குப் பல தடவை நிறுத்துவோம். பிறகு இந்த மூவரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு நிறுத்துவோம். இதிலெல்லாம் கேரேஜ் துரைக்குத் திருப்தி இருந்தால் மட்டும் மக்களை ஏற்றுவோம். மக்களோடு நாமும் இருப்போம்."

"எனக்கு ஒரு சத்தம் பிடிக்கவில்லை என்றாலும் அந்த இடத்திலேயே மூன்று பெட்டிகளையும் கழற்றிவிடுவேன்" என்றார் கேரேஜ் துரை.

"நானே உங்களுக்கு விளக்குப் பிடிக்கிறேன்" என்றார் சயாம்காரர்.

இரண்டு நாட்டுக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் எனக்குப் புரிந்த பகுதி அதுதான். நாங்கள் அதுவரை எழுதிய கடிதங்களையெல்லாம்விட அந்த ஒரு வாக்கியம் அதிக தூரம் போயிற்று.

விடிந்தது. மாரிமுத்து அண்ணன் பெட்டிகளைச் சுற்றி வந்து கொக்கியைத் தொட்டுக் கும்பிட்டு எஞ்சினில் மாட்டினார். காலியாக ஓட்டினோம், நிறுத்தினோம். வளைவில் நிறுத்தினோம், பாலத்தின் முன்னால் நிறுத்தினோம். ஒவ்வொரு தடவையும் கேரேஜ் துரை பெட்டியின் அடியில் படுத்துத் தவழ்ந்தார். சயாம்காரர் பட்டுத் துணியைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் குந்தி விளக்குப் பிடித்தார். பிறகு எங்களை ஏற்றி நிறுத்தினார்கள். நான் ஒரு தடவை விழுந்தேன். அது பிரேக்கின் பலத்துக்குச் சாட்சி என்று எழுதிக்கொள்ளும்படி சொன்னேன், யாரும் எழுதவில்லை.

கேரேஜ் துரை எழுந்து கையைத் துடைத்தார். "மக்களை ஏற்றலாம். அதில் ஆபத்து இல்லை என்று சொல்கிறேன். ஆனால் முழுப் பாரத்தில் எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகுதான் கையெழுத்து" என்றார்.

வண்டி கோலாலம்பூர் நிலையத்துக்குள் நுழைந்தது. கிள்ளான் பக்கத்திலிருந்து முதல் வண்டியில் வந்து இறங்கிய கூட்டம் நடைமேடையை அடைத்துக்கொண்டு நின்றது. மஞ்சள் சேலை, மொட்டைத் தலை, பால்குடம், உறுமி மேளம், மடித்து வைத்த காவடிகள், கட்டுச்சோற்று மூட்டைகள், ஒரு கூடை நிறைய எலுமிச்சம்பழம். தேக்குப் பெட்டிகளைப் பார்த்ததும் கூட்டம் ஒரு கணம் நின்றது. ரொம்ப அழகாக இருக்கிறதே, வெள்ளைக்காரருக்கோ என்ற சந்தேகம். "எல்லாருக்குந்தான், ஏறுங்க!" என்று கத்தினேன். கத்தியது பிசகு. நானே ஏற முடியவில்லை. ஜன்னல் வழியாக இரண்டு பேர் என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள்.

உள்ளே கேரேஜ் துரை ஒரு மூலையில் உறுமி மேளத்துக்கும் பால்குடத்துக்கும் நடுவில் நெருக்குண்டு நின்றார். தொப்பி தட்டையாகியிருந்தது. சயாம்காரர் பலகையில் உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் ஓர் அம்மாள், இடுப்பில் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தை. பெயர் அஞ்சலை என்றும், கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் என்றும் பிறகு சொன்னார். வண்டி கிளம்பியதும் அந்த அம்மாள் தடுமாறி, பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டுமென்பதால், குழந்தையைக் கேரேஜ் துரையின் கையில் திணித்தார்.

"துவான், தொரை, கொஞ்சம் புடிச்சிக்குங்க!"

துரை பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வார்?

அஞ்சலை அக்கா இப்போது சயாம்காரர் பக்கம் திரும்பினார். "ஐயரே, கொஞ்சம் நகந்து உக்காருங்க."

"அக்கா, அவரு ஐயரு இல்ல. சயாம்காரரு" என்றேன்.

"சயாமா? பஞ்சகச்சம் கட்டியிருக்காரே!"

"அவங்க ஊர்லயும் அப்படித்தான் கட்டுவாங்க."

அக்கா அவரை மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு சந்தையில் காய் வாங்கும் மலாயில் நேரே அவரோடு பேச ஆரம்பித்தார். சயாம்காரர் தென்சயாமில் பல வருடம் பாதை போட்டவர். அவருக்கும் அதே மலாய் வந்தது. சயாம்காரருக்கு இங்கிலீஷ் வருமென்று தெரியாமல், அவர் வருவதற்குமுன் சின்னத் துரை மொழிபெயர்ப்பாளர் தேடி அலைந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அக்கா கேட்ட முதல் கேள்வியே இதுதான். "உங்க ஊர் அரிசியத்தான் நாங்க திங்கிறோம். ஏன் இப்பிடி நாறுது?"

சயாம்காரர் திடுக்கிட்டார். "எங்கள் ஊரில் நாறாது, அம்மா. எல்லையில் வண்டி மாற்றும்போது நனைந்துவிடுகிறது. இந்த மாதிரிப் பெட்டி நேரே வந்தால் நாறாது."

"அப்ப நேரே விடவேண்டியதுதானே? யாரு தடுக்கிறா?"

சயாம்காரர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கேரேஜ் துரைக்கு மலாய் எங்களையெல்லாம்விட நன்றாகத் தெரியும். அவர் அக்காவின் குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார். காது நுனிவரை சிவந்திருந்தது.

வண்டி செந்தூலைத் தாண்டி வளைவில் திரும்பிப் பாலத்தைக் கடந்தது. பெட்டிகள் அடக்கமாக ஓடின. சுண்ணாம்புக் குன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. பாதையின் கடைசித் திருப்பத்தில் எஞ்சின் நீளமாக ஊதியது. மறுபடி ஊதியது. ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் "ஐயோ!" என்றார்கள். நானும் தலையை நீட்டிப் பார்த்தேன். முன்னால் தண்டவாளத்தின் மேலேயே ஒரு காவடிக் கூட்டம். மேளத்துக்கு ஆடிக்கொண்டு, ஊதல் காதில் விழாமல், வண்டி என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்து ஆடிக்கொண்டிருந்தது.

மாரிமுத்து அண்ணன் பிரேக்கைப் போட்டார்.

நாங்கள் திட்டமிட்டிருந்த நிறுத்தம் இன்னும் தள்ளி ஒரு வெட்டவெளியில். இது திட்டத்தில் இல்லாத நிறுத்தம். சக்கரங்கள் கீச்சிட்டன. பெட்டி முழுவதும் ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்தது. எலுமிச்சம்பழங்கள் உருண்டன, பால் தளும்பியது, என் மூக்கு யாரோ ஒருவருடைய சொம்பில் மோதியது. அந்த நேரத்தில் நான் கேரேஜ் துரையைப் பார்த்தேன். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் குழந்தையின் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடியிருந்தார். பயத்தில் மூடியதல்ல. அடியில் கொக்கியும் பிரேக்கும் போடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டி நின்றது.

எஞ்சினுக்கும் கடைசியாக ஆடிக்கொண்டிருந்தவருக்கும் நடுவில் ஒரு காவடியைக் கிடத்தலாம், அவ்வளவுதான் இடம். அவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரைத் தண்டவாளத்திலிருந்து நகர்த்திய பிறகும் ஆடினார். பிறகு மூன்று பெட்டிகளிலும் ஒரே குரலாக எழுந்தது: "வேல்! வேல்! வெற்றி வேல்!" மெத்தடிஸ்ட் சபைக்கு யாரும் எழுதிப் போடமாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன், நானும் சொன்னேன்.

கேரேஜ் துரை குழந்தையோடே இறங்கினார். அக்கா "எம் புள்ள, எம் புள்ள!" என்று பின்னாலேயே இறங்கினார். துரை மூன்று பெட்டிகளின் கொக்கிகளையும் குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார், எழுந்தார். குழந்தையின் தலைச் சந்தனம் அவருடைய வெள்ளைக் கோட்டில் நெஞ்சுக்கு நேரே அப்பியிருந்தது. இவ்வளவு நடந்தும் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சயாம்காரர் கேட்டார். "பாரம் போதுமா?"

"இதற்குமேல் ஒரு எலுமிச்சம்பழம்கூட ஏறாது" என்றார் கேரேஜ் துரை. குழந்தையை அக்காவிடம் கொடுத்தார். பிறகு மலாயில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அம்மா, தடுத்தவன் நான்தான். இனிமேல் தடுக்கவில்லை."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதைக் காலையிலேயே சொல்லியிருந்தா நான் புள்ளைய வேற யாருகிட்டயாவது குடுத்திருப்பேனே!"

மலாய் தெரிந்தவர் எல்லோரும் சிரித்தோம். தெரியாத சின்னத் துரை எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்குக் கையெழுத்து ஒன்றுதான் தேவை. அது அன்றைக்கே கிடைத்தது.

ஆனால் பெட்டிகளைத் திரும்ப வாங்கத்தான் முடியவில்லை. "முருகன் குடுத்ததத் திருப்பிக் கேக்குறீங்களா?" என்றார் மாரிமுத்து அண்ணன். பொழுது சாயும்வரை அந்த மூன்று பெட்டிகளும் பத்துமலைக்கும் கோலாலம்பூருக்கும் ஓடின. சயாம்காரர் முதல் ஓட்டத்தோடு இறங்கவில்லை, அவரும் ஓடினார். எந்தத் தோட்டத்துச் சோற்றையெல்லாம் சாப்பிட்டாரோ தெரியாது, மாலையில் பார்த்தபோது அவர் கோட்டுப் பையில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் இருந்தன. கடைசி ஓட்டம் முடிந்ததும் பெண்கள் ஒவ்வொரு பெட்டியின் வாசல் நிலையிலும் சந்தனம் தடவிக் குங்குமப் பொட்டு வைத்தார்கள். நான் துணி எடுத்துக்கொண்டு துடைக்க ஓடினேன். சயாம்காரர் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

கொட்டகை கட்டும் பேச்சு அன்றோடு போயிற்று. சில மாதங்கள் கழித்து முதல் நேர் வண்டி கோலாலம்பூருக்கு வந்தது. நாங்கள் எல்லோரும் நடைமேடையில் நின்றோம். அதே மூன்று பெட்டிகள். வாசல் நிலையில் நம் பெண்கள் வைத்த பொட்டு மங்கலாக அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில் வெள்ளைச் சாந்தால் புதிதாக மூன்று புள்ளிகள். புது வண்டியானால் அவர்கள் ஊர் பிக்குகள் அப்படித்தான் வைத்து ஆசீர்வதிப்பார்களாம். பெட்டியில் ஒரு கீறல் விழுந்தாலே ஆளைக் கூப்பிட்டு விசாரிக்கும் கேரேஜ் துரை, அந்த நிலையின் முன்னால் நெடுநேரம் நின்றார். பெட்டி துடைக்கக் கையில் துணியோடு பக்கத்தில் நின்ற கலாசியிடம், "அது இருக்கட்டும்" என்றார்.

அப்போது அந்தப் பெட்டியின் ஜன்னலில் ஒரு பயணியின் தலை தெரிந்தது. தெற்கு சயாமில் ஏறிய துணி வியாபாரி. அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார்.

"அண்ணே, எல்லை எப்ப வரும்? எறங்கி மாறணும்ல?" என்று என்னைக் கேட்டார்.

"எல்லையா? அது எப்பவோ போயிருச்சு. இது கோலாலம்பூர்."

"அப்படியா?" என்றார். என்றுவிட்டு ஒரு கொட்டாவி விட்டார். உள்நாக்கு தெரியும் கொட்டாவி. சின்னத் துரை தொப்பியைக் கழற்றி அதற்கு மரியாதை செய்தார். நானும் செய்தேன்.

ஆகவே, தம்பி, தாராளமாகக் கொட்டாவி விடுங்கள். நாங்கள் உழைத்தது அதற்காகத்தான். ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அண்டை நாட்டோடு ஏதாவது தேதி குறிக்க நேர்ந்தால், பேனாவை எடுப்பதற்குமுன் செந்தூல் பக்கம் ஒரு நடை போய், நாளைக்கு என்ன நாள் என்று யாரையாவது கேட்டுவிட்டு வாருங்கள். வியாழக்கிழமை என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அங்கே இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.